காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனம் வேண்டும்

"உடம்பு குளிர்ந்துவிட்டது, இனிப் பயமில்லை" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்புகிறோம். டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகிறது. காய்ச்சல் கண்ட மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் சூடு இறங்கும். அதையொட்டிய 24 முதல் 48 மணி நேரத்தில் சிலருக்கு ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும், ரத்த அழுத்தம் சரியும்.

டெங்கு வைரஸ் நம் உடலோடு ஆடும் கண்ணாமூச்சி செல்லுக்குள்ளேயே ஆரம்பமாகிறது. அன்னிய ஆர்என்ஏ உள்ளே வந்தால் மோப்பம் பிடிக்கும் காவல் புரதங்கள் நம் செல்களில் உண்டு. அவை குரல் கொடுத்ததும் இன்டர்ஃபெரான் சுரந்து, அக்கம்பக்கத்துச் செல்களையும் உஷார்ப்படுத்தும். டெங்கு வைரஸிடம் இருப்பது பத்தே புரதங்கள். அவற்றைக் கொண்டு செல்லின் உள்சவ்வை மடித்துச் சின்னச் சின்ன அறைகள் அமைத்து, காவலர் கண்ணில் படாமல் அதற்குள் பெருகுகிறது. தன் ஆர்என்ஏவின் முனையில், நம் செல் தன்னுடையதற்குப் போடும் அதே மாதிரித் தொப்பியை மாட்டிக்கொள்கிறது. எச்சரிக்கைச் சங்கிலியில் உள்ள 'ஸ்டிங்' என்ற புரதத்தை வெட்டிப்போடுகிறது. இன்டர்ஃபெரானின் செய்தியைச் செல்லின் கருவுக்குக் கொண்டுபோகும் 'ஸ்டாட்2' புரதத்தையோ, செல்லின் சொந்தக் குப்பை இயந்திரத்திடமே ஒப்படைத்து அழிக்கிறது. என்னை மிகவும் அச்சுறுத்துவது இந்தக் கடைசி வேலைதான். நம் வீட்டு ஆளை வைத்தே நம் வீட்டுக் காவலாளியை ஒழிக்கிறது.

டெங்குவில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்கு எதிர்ப்பு நிலைக்கும். பிறகு வேறொரு வகை வந்தால், பழைய எதிர்ப்பொருள் அதை ஒட்டிக்கொள்ளும், ஆனால் செயலிழக்க வைக்காது. அப்படி ஒட்டிய வைரஸை வெள்ளணுக்கள் தாமே உள்ளே இழுத்துக்கொள்வதால் நோய் முற்றக்கூடும். பிலிப்பைன்ஸில் 2016இல் தொடங்கி எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு 'டெங்வாக்சியா' தடுப்பூசி போட்டார்கள். முன்பு டெங்கு வராதவர்களுக்கு அதனால் பின்னாளில் நோய் கடுமையாகலாம் என்று 2017 நவம்பரில் தயாரிப்பு நிறுவனமே அறிவித்தது. திட்டம் நிறுத்தப்பட்டது. முன்பு வந்ததா என்ற ஒரு கேள்விக்கு அத்தனை எடை.

அதனால் பழைய பரிசோதனைத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. எழுத்தில் கேளுங்கள், கொடுத்ததற்கு ஒப்புதல் வாங்குங்கள். மறுத்தால் மாநில மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் எழுதலாம். பணம் கட்டிப் பெற்ற சிகிச்சையில் குறை இருந்தால் நுகர்வோர் ஆணையமும் உண்டு.

டெங்குவா என்று அறிய, காய்ச்சல் கண்ட முதல் ஐந்து நாட்களில் என்எஸ்1 பரிசோதனை, அதன் பிறகு ஐஜிஎம். டெங்கு வைரஸைக் கொல்லும் மருந்து இன்னும் கைக்கு வரவில்லை. காய்ச்சலுக்கு மருத்துவர் சொன்ன அளவில் பாரசிட்டமால் போதும். ஆஸ்பிரின், புரூஃபன் வகை மாத்திரைகள் ரத்தக்கசிவைக் கூட்டும், தொடவே கூடாது. பிளேட்லெட் எண்ணிக்கையைக் கண்டு பதறி ஊரெல்லாம் ரத்தம் தேடி அலைகிறோம். ரத்தக்கசிவு இல்லாத பெரியவர்களுக்கு எண்ணிக்கை 20,000க்குக் கீழே போனதற்காக மட்டும் ஏற்றியதில் பலன் இல்லை என்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்த ஆய்வு 2017இல் காட்டியது. ரத்தம் கெட்டிப்படுகிறதா, உடலில் நீர் போதுமா என்பதே முக்கியம். ரத்தம் கெட்டிப்படுவதைக் காட்டும் அளவு ஹீமடோக்ரிட். "ஹீமடோக்ரிட் எவ்வளவு?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

காய்ச்சல் இறங்கிய முதல் இரண்டு இரவும் எழுந்து பிள்ளையின் கை கால்களைத் தொட்டுப் பாருங்கள். விரல் நுனி சில்லிட்டிருந்தாலோ, விடாமல் வயிறு வலித்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள்.