ஒரே கெர்னலில் பல லினக்ஸ்

2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூரை அடுத்த காக்களூரில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அதே மாவட்டத்தின் வடமேற்கில், ஆந்திர எல்லையை ஒட்டியிருக்கும் திருத்தணியின் அரசுப் பள்ளி மாணவர்கள் கைக்கும் அந்தக் கணினி வந்தது. பொத்தானை அழுத்தியதும் அது ஒரு கேள்வி கேட்கும்: விண்டோஸா, பாஸ் லினக்ஸா? பாஸ் என்பது சென்னை சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு 2007-ல் வெளியிட்ட இயங்குதளம். இரண்டில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் மற்றது உறங்கிவிடும். மாற வேண்டுமென்றால் கணினியை அணைத்து, மறுபடி தொடங்க வேண்டும்.

விண்டோஸும் லினக்ஸும் வெவ்வேறு கெர்னல்கள் என்பதால் அந்த ஏற்பாட்டில் தவறில்லை. ஆனால் ஒரு மாணவிக்குப் பாஸ், ஃபெடோரா, ஆல்பைன் மூன்றும் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மூன்றும் லினக்ஸ்தான். அவள் வன்தட்டை மூன்றாகப் பிரிக்க வேண்டியதில்லை, ஒவ்வொரு முறையும் அணைத்துத் தொடங்க வேண்டியதும் இல்லை. மூன்றும் ஒரே நேரத்தில், ஒரே கெர்னலின் மேல் ஓடும்.

காரணம் எளியது. லினக்ஸ் என்று நாம் சொல்வதில் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் எழுதத் தொடங்கியது கெர்னல் மட்டுமே. நுண்செயலியில் யாருக்கு எப்போது நேரம், நினைவகத்தில் யாருக்கு எவ்வளவு இடம், வட்டில் எதை எங்கே எழுதுவது என்பதெல்லாம் அதன் பொறுப்பு. கட்டளைகள், நூலகங்கள், எழுத்துருக்கள், மென்பொருள் நிறுவும் கருவிகள் எல்லாம் அதற்கு வெளியே இருப்பவை. பாஸ், ஃபெடோரா போன்ற லினக்ஸ் தொகுப்பை டிஸ்ட்ரோ என்பார்கள்; ஒரு டிஸ்ட்ரோவை இன்னொன்றிலிருந்து வேறுபடுத்துவது பெரும்பாலும் இந்த வெளிப்பகுதிதான். அது கெர்னலோடு பேசுவதற்கு 300-க்கும் மேற்பட்ட அழைப்புகள் வரையறுக்கப்பட்டிருக்கின்றன. பழைய நிரல் புதிய கெர்னலில் உடையக் கூடாது என்பதில் டோர்வால்ட்ஸ் கண்டிப்பானவர். அந்தக் கண்டிப்பு இல்லையென்றால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

கெர்னலுக்கு வெளியே எவ்வளவு விடப்பட்டிருக்கிறது என்பதைப் பார்க்கத் திருத்தணியைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. 1960 ஏப்ரல் 1 அன்றுதான் அது ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது, ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பலன் அது. இன்றும் ஊரில் தமிழும் தெலுங்கும் புழங்குகின்றன. அங்கே ஒரு கணினியில் ‘திருத்தணி’ என்று ஒரு கோப்புறைக்குப் பெயர் வையுங்கள். கணினிக்கு அது த, இகரக் குறி, ர, உகரக் குறி, த, புள்ளி, த, ண, இகரக் குறி என 9 குறியீடுகள். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 27 பைட். அதே பெயரைத் தெலுங்கில் எழுதினாலும் 9 குறியீடுகள், 27 பைட். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஒவ்வொரு மூன்று பைட்டிலும் முதலாவதும் கடைசியும் அப்படியே ஒத்திருக்கும். நடுவிலுள்ளது மட்டும் தெலுங்கில் சரியாக 2 கூடுதல். தமிழ் அகரம் 224, 174, 133. தெலுங்கு அகரம் 224, 176, 133. இந்திய எழுத்துகளுக்கென வகுத்த இஸ்கி தரத்தின் வரிசையை யூனிகோட் அப்படியே எடுத்துக்கொண்டதால் வந்த ஒற்றுமை இது.

கெர்னலுக்கு இதில் எதுவும் தெரியாது. அது தமிழையும் அறியாது, தெலுங்கையும் அறியாது. வழக்கமான லினக்ஸ் கோப்பு முறையில் பெயரில் வரக் கூடாதவை இரண்டே எண்கள்: சாய்கோட்டைக் குறிக்கும் 47, வெறுமையைக் குறிக்கும் 0. மற்றபடி 255 பைட் வரை எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். அதாவது தமிழில் 85 குறியீடுகள். எந்த டிஸ்ட்ரோவிலிருந்து எழுதினாலும் இந்த வரம்பு மாறாது, ஏனென்றால் அது கெர்னல் பக்கத்து வரம்பு. அந்த 27 பைட்டைப் படித்து எழுத்தாக வரைவது வெளிப்பகுதியின் வேலை. தமிழ் எழுத்துரு நிறுவிய டெபியனில் ஊர்ப்பெயர் அழகாகத் தெரியும், எழுத்துரு இல்லாத இன்னொன்றில் அதே கோப்புறை வெறும் கட்டங்களாகத் தெரியும். வட்டில் இருப்பது ஒன்றே. கெர்னல் இவ்வளவு குறைவாக அறிந்திருப்பதால்தான் அதன் மேல் பலரும் குடியிருக்க முடிகிறது என்பது என் எண்ணம்.

குடியமர்த்தும் கருவிகள் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1979-ல் யுனிக்ஸின் ஏழாம் பதிப்பில் சி-ரூட் என்ற அழைப்பு சேர்ந்தது. ஒரு நிரலிடம் ஏதோ ஒரு கோப்புறையைக் காட்டி, இதுதான் முழு வட்டு என்று நம்பவைப்பது அதன் வேலை. அந்தக் கோப்புறைக்குள் ஃபெடோராவின் கோப்புகள் இருந்தால், உள்ளே ஓடும் நிரலுக்கு அது ஃபெடோரா. ஆனால் கோப்புகள் மட்டும்தான் பிரிந்திருக்கும்; ஓடும் நிரல்களின் பட்டியலும் வலையிணைப்பும் பொதுவில் கிடக்கும். அவற்றையும் பிரித்துக் காட்டும் நேம்ஸ்பேஸ் வசதி 2002 முதல் லினக்ஸில் படிப்படியாக வந்தது. ஒவ்வொரு டிஸ்ட்ரோவின் முதல் நிரலும் தன்னை எண் 1 என்றே நினைத்துக்கொள்ளும். ஒருவர் எல்லா நினைவகத்தையும் விழுங்காமல் அளவு வைக்கும் சி-குரூப் வசதியைக் கூகுள் பொறியாளர்கள் பால் மெனேஜும் ரோஹித் சேத்தும் 2006-ல் தொடங்கினார்கள், 2008-ல் அது கெர்னலில் இணைந்தது. இவற்றையெல்லாம் ஒரே கட்டளைக்குள் அடக்கி 2013-ல் வந்ததுதான் டாக்கர்.

இதன் பெரிய லாபம் சிக்கனம். மெய்நிகர் கணினி முறையில் ஒவ்வொரு டிஸ்ட்ரோவுக்கும் தனிக் கெர்னல், தனியாக ஒதுக்கிய நினைவகம் வேண்டும். 2 ஜிபி மட்டுமே உள்ள பழைய மடிக்கணினியில் இரண்டாவது ஒன்றைத் தொடங்கும்போதே மூச்சு முட்டிவிடும். கெர்னலைப் பகிர்ந்தால் ஒரு டிஸ்ட்ரோ என்பது சில நிரல்களும் சில கோப்புகளும்தான். ஆல்பைன் லினக்ஸின் அடிப்படைப் படிமம் ஏறத்தாழ 5 எம்பி.

எல்லாம் சுமுகம் என்று சொல்ல மாட்டேன். 2011-ல் வந்த சென்ட்ஓஎஸ் 6, நேரம் கேட்பதற்கு வி-சிஸ்கால் என்ற பழைய வழியைப் பயன்படுத்துகிறது. பாதுகாப்புக்காக அந்த வழியை அடைத்த கெர்னலில் அதை ஓடவிட்டால் முதல் கட்டளையே விழுந்துவிடும். டெபியனில் தயாரான நிரலை ஆல்பைனுக்குள் போட்டால், கண்ணெதிரே இருக்கும் கோப்பையே ‘இல்லை’ என்று பிழை வரும். உண்மையில் இல்லாதது அந்த நிரல் தேடும் நூலக ஏற்றி, ஆல்பைன் வேறு சி நூலகத்தைப் பயன்படுத்துவதால். இவை தொல்லைகள், ஆபத்தல்ல. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. 2016-ல் வெளிப்பட்ட ‘டர்ட்டி கவ்’ என்ற ஓட்டை கெர்னலிலேயே இருந்தது. கெர்னலில் ஓட்டை என்றால் மேலே இருக்கும் எல்லா டிஸ்ட்ரோவுக்கும் அதே ஓட்டைதான். ஒருவரையொருவர் நம்பாத வாடிக்கையாளர்களை ஒரே கெர்னலில் உட்காரவைக்க மேகக்கணினி நிறுவனங்கள் தயங்குவதற்கும், அமேசான் 2018-ல் சிறு மெய்நிகர் கணினிகளை இயக்கும் ஃபயர்கிராக்கர் மென்பொருளை வெளியிட்டதற்கும் இதுவே காரணம்.

டாக்கரில் சுவர்கள் முக்கியம். 2012-ல் முதல் பதிப்பு கண்ட பெட்ராக் லினக்ஸ் நேர்மாறாக, சுவரைத் தாழ்த்தப் பார்க்கிறது. ஆர்ச் லினக்ஸிலிருந்து வந்த புதிய செயலியும் டெபியனின் நிலையான மேசைத்தளமும் ஒரே கணினியில், ஒரே பயனருக்கு, ஒன்றையொன்று அழைத்துக்கொண்டு வேலை செய்யும். அருமையான துணிச்சல். ஆனால் ஏற்கெனவே நிறுவிய லினக்ஸை அது தன்வயமாக்கிய பிறகு, பழைய நிலைக்குத் திரும்ப வழி கொடுக்கவில்லை. பள்ளிக் கணினியில் அதைச் சோதிக்க வேண்டாம்.

விண்டோஸ் பக்கம் இருப்பவர்களுக்கும் வாய்ப்பு உண்டு. மைக்ரோசாஃப்ட் 2019-ல் அறிவித்த டபிள்யூ-எஸ்-எல் 2 ஒரு உண்மையான லினக்ஸ் கெர்னலைச் சிறு மெய்நிகர் கணினிக்குள் ஓட்டுகிறது. அதில் உபுண்டு, டெபியன் என எத்தனை நிறுவினாலும் கெர்னல் ஒன்றுதான். காக்களூரில் கேட்கப்பட்ட ‘இதுவா அதுவா’ கேள்வி இன்று தேவையே இல்லை. பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் விண்டோஸும் லினக்ஸும் இருக்கின்றன. அந்தப் பாடத்தோடு இதையும் இரண்டு பக்கம் சேர்த்தால், இயங்குதளம் என்பது திரையில் தெரியும் பட்டியல்கள் மட்டுமல்ல என்பது பதினாறு வயதிலேயே புரியும்.

மடிக்கணினி இல்லாத மாணவர் செல்பேசியில் தொடங்கலாம். ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பதும் லினக்ஸ் கெர்னலே. டெர்மக்ஸ் செயலியை நிறுவி, அதில் ‘பிரூட்-டிஸ்ட்ரோ’ கருவியைச் சேர்த்தால் டெபியனும் ஆல்பைனும் அருகருகே ஓடும். செல்பேசியின் பூட்டை உடைக்க வேண்டியதில்லை. நிரலின் ஒவ்வொரு அழைப்பையும் இடைமறித்துத் திருத்தி அனுப்புவதால் வேகம் குறையும். நேம்ஸ்பேஸையும் சி-குரூப்பையும் தொட அனுமதி கிடைக்காது என்பதால் டாக்கர் மட்டும் அதற்குள் ஓடாது.