லீவுல இருக்கேன்... மெயிலை யார் பார்ப்பா?

தைப்பூசம் நெருங்கும்போது குன்றக்குடி சண்முகநாதர் மலையடிவாரத்தில் போய் நின்று பாருங்கள். பழநிக்குக் காவடியோடு கிளம்பும் நகரத்தார் கூட்டத்தில் தாத்தாக்கள் தெம்பாக முன்னால் போய்க்கொண்டிருப்பார்கள். லீவு போட்டு வந்த இளசுகளில் சிலர் மட்டும் ஓரமாக ஒதுங்கி, செல்போன் திரையை வெயிலுக்கு மறைத்துக்கொண்டு... வேறென்ன, ஆபீஸ் மெயில்தான்! சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல்னு நாள்கணக்கா நடக்கணும். கூடவே 'அர்ஜென்ட்' மெயிலும் நடந்து வருது.

"எங்களுக்கு இன்னும் வேலையே கிடைக்கலை, இது எதுக்கு பாஸ்?"ங்கறீங்களா? இன்டர்ன்ஷிப் போற கம்பெனி, ப்ராஜெக்ட் கைடு, ப்ளேஸ்மென்ட் செல்... உங்க இன்பாக்ஸும் கிட்டத்தட்ட ஆபீஸ்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் லீவு கேட்கவே பயமா இருக்கும். கிடைச்ச நாலு நாளையும் மெயிலுக்குத் தாரை வார்த்துட்டு வந்தா, அது என்ன லீவு?

இந்தச் சிக்கலுக்குச் செட்டிநாட்டுக்காரர்கள் கப்பல் காலத்திலேயே ஒரு வழி வைத்திருந்தார்கள். பர்மா, மலேயா, இலங்கை என்று கடை விரித்த நகரத்தார் முதலாளிகளில் பலர் காரைக்குடிப் பக்கம் சொந்த ஊரில்தான் இருந்தார்கள். கடல் தாண்டிய கடையை நடத்தியது ஏஜெண்ட். அவருக்கு முதலாளி எழுத்துபூர்வமாக அதிகாரம் கொடுத்திருப்பார். யாருக்குக் கடன் கொடுப்பது, எதை வசூலிப்பது என்று அங்கேயே முடிவெடுக்கலாம். கணக்கும் கடிதமும் தபாலில் ஊருக்கு வரும். ஏஜெண்டுக்குப் பெரும்பாலும் மூணு வருஷக் கெடு. அது முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார், அடுத்த ஆள் பொறுப்பேற்பார். பெட்டியடிப் பையனாக (அந்தக் கால ஃப்ரெஷர்!) சேர்ந்தவர்களும் இப்படித்தான் படிப்படியாகத் தொழில் கற்றார்கள்.

நாம கோட்டை விடுறது இங்கேதான். "அவசரம்னா கூப்பிடுங்க"ன்னு பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லிட்டுக் கிளம்பிடறோம். அவரிடம் ஃபைல் இருக்கும், முடிவெடுக்கிற உரிமை இருக்காது. அப்புறம் எதுக்கெடுத்தாலும் நம்மைத்தானே கூப்பிடுவார்? கிளம்புறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே, என்னென்ன பாதியில் நிற்குது, யார் பதில் எதிர்பார்க்கிறாங்க, எதுவரை அவரே முடிவு பண்ணலாம்னு ஒரே மெயிலில் எழுதி, மேலதிகாரிக்கும் ஒரு காப்பி தட்டி விடுங்க. பாதி போன் கால் அங்கேயே குறைஞ்சிடும்.

அடுத்தது, தானாகப் பதில் போடுகிற வசதி. ஜிமெயில் செட்டிங்ஸில் 'வெகேஷன் ரெஸ்பாண்டர்' என்று இருக்கும். தேதியைக் கொடுத்துட்டா அதுவே ஆரம்பிச்சு அதுவே நின்னுடும். ஒரே ஆள் பத்து மெயில் போட்டாலும் பத்து பதில் போகாது. நாலு நாள் கழித்து அவர் மறுபடி எழுதினால்தான் அடுத்த பதில். 'குடும்பத்தோடு ஊருக்குப் போறோம், வீடு பூட்டியிருக்கு' என்கிற ரேஞ்சில் அதில் கதை எழுத வேண்டாம். என்று திரும்புவீர்கள், அதுவரை யாரைக் கேட்க வேண்டும்... ரெண்டு வரி போதும். கான்டாக்ட்ஸில் இருப்பவர்களுக்கு மட்டும் போகிற மாதிரி ஒரு டிக் பாக்ஸும் இருக்கு, அதைத் தட்டி விட்டா ஊர் பேர் தெரியாதவங்களுக்குத் தகவல் போகாது.

ஃபைனல் இயர் மக்களுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. ப்ளேஸ்மென்ட் ஆபீசர் மெயிலை மிஸ் பண்ணினா நஷ்டம் நமக்குத்தான். அதுக்காக எல்லா மெயிலுக்கும் போன் அலறணும்னு இல்லை. அவர் முகவரிக்கு ஒரு ஃபில்டர் போட்டு, தனி லேபிளில் விழ வையுங்கள். ஆண்ட்ராய்டு போனில் அந்த லேபிளுக்கு மட்டும் சத்தம் வைத்துக்கொண்டு மற்றதை ஊமையாக்கிடலாம். சாயங்காலம் ஒருமுறை எட்டிப் பார்த்தால் தாராளம்.

வெளிநாட்டில் இதைக் கம்பெனிகளும் அரசாங்கங்களுமே கையில் எடுத்தார்கள். ஜெர்மனியின் டெய்ம்லர் 2014-ல் செய்தது அதிரடி. ஊழியர் விரும்பினால், லீவில் இருக்கும்போது வருகிற மெயில் தானாகவே அழிந்துவிடும், 'இன்னாரைக் கேளுங்கள்' என்று அனுப்பியவருக்குத் தகவல் போகும். திரும்பி வந்தா காலி இன்பாக்ஸ். கேட்கவே பொறாமையா இல்லை? பிரான்சில் 2017 ஜனவரி முதல், 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்கள் இந்த 'தொடர்பைத் துண்டிக்கும் உரிமை' பற்றி ஊழியர்களோடு பேசியாக வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் வந்தது. நம்ம நாடாளுமன்றத்தில் சுப்ரியா சுலே 2018-ல் இதே உரிமைக்குத் தனிநபர் மசோதா கொண்டு வந்தார். அது சட்டமாகவில்லை. ஆகவே இங்கே நமக்கு நாமேதான் வேலி போட்டுக்கணும்.

திரும்பி வந்த அன்னிக்கு இன்னொரு கண்டம் காத்திருக்கும், முந்நூறு மெயில். பழசிலிருந்து ஆரம்பிச்சா மதியத்துக்குள் மண்டை காய்ஞ்சிடும். புதுசிலிருந்து கீழே வாங்க. நீங்க பதறிப் பதில் அடிக்க நினைக்கிற பல விவகாரம் அதுக்குள்ள தானாவே முடிஞ்சிருக்கும். தானியங்கிப் பதிலையும், திரும்பி வந்த பிறகு ஒரு நாள் கூடுதலாக ஓடவிடுங்கள். கால் வலி தீர வேண்டாமா பாஸ்!