ஒண்ணாம் தேதி சம்பளம் ஏழாம் தேதிக்குத் தள்ளிப் போனால்...?
வாசலில் வீட்டுக்காரர், வங்கியில் தவணை! நடுவில் தவிக்கும் குடும்பங்கள்
சட்டம் சொல்வது என்ன?

சென்னை, (நமது நிருபர்)

"நிர்வாக வசதிக்காக அடுத்த மாதம் முதல் சம்பளம் 7-ந் தேதி வழங்கப்படும்."

கம்பெனி அறிவிப்புப் பலகையில் இப்படி ஒரே ஒரு வரி ஒட்டினால் போதும். கிண்டியோ, அம்பத்தூரோ, அன்று முழுக்க டீக்கடையில் அதே பேச்சுதான்!

"ஆறு நாள்தானே? சம்பளத்தையா குறைச்சிட்டோம்?" என்று மேனேஜர் சிரித்துக்கொண்டே சொல்வார். அவர் சொல்வது நிஜம்தான். சம்பளத்தில் ஒரு காசு குறையவில்லை. ஆனால் அந்த ஆறு நாளும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே!

நிர்வாகத்தின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. மாதம் முடிந்த பிறகுதான் வருகைப் பதிவு, லீவு, ஓவர்டைம் எல்லாம் சரியாகக் கணக்குக்கு வரும். தலைமை அலுவலகம் வெளியூரில் இருந்தால் கணக்கு அங்கே போய்த் திரும்ப வேண்டும். அதற்காகத்தான் தேதியைத் தள்ளுகிறார்கள்.

ஆறு நாள் = ரூ.3,600!

ஒரு குமாஸ்தா வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சம்பளம் ரூ.18,000. ஒரு நாளைக்கு ரூ.600 ஆகிறது. ஆறு நாளுக்கு ரூ.3,600.

தேதி மாறும் அந்த ஒரு மாதம் மட்டும் 36 நாள் மாதம்! 30 நாள் பணத்தில் 36 நாள் தள்ள வேண்டும். வாடகை 5-ந் தேதி. சீட்டுப் பணம் 5-ந் தேதி. மளிகைக் கடை நோட்டில் பாக்கி. பால்காரருக்கும் ஸ்கூல் வேன்காரருக்கும் மாதத் தொடக்கத்திலேயே பணம். "கம்பெனியில தேதியை மாத்திட்டாங்க சார்" என்றால் இவர்களில் யார் கேட்பார்கள்?

பத்து வட்டிப் பேய்!

இங்கேதான் ஆபத்து. "அவசரத்துக்கு நான் தர்றேன்" என்று கூப்பிட்டுக் கொடுக்க ஆள் இருக்கிறது. நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் வட்டி.

ரூ.3,600 வாங்கினால் மாதம் ரூ.360 வட்டி. அசலைக் கொடுக்க முடியாமல் வட்டி மட்டும் கட்டி வந்தால், பத்தே மாதத்தில் அசல் அளவுக்கு வட்டியே கட்டியிருப்பீர்கள். அசல் அப்படியே நிற்கும்! ஆறு நாள் தாமதத்துக்கு இவ்வளவு பெரிய தண்டனை.

கந்துவட்டி, மீட்டர் வட்டி வாங்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. மீறுவோருக்கு 3 ஆண்டு வரை ஜெயில் உண்டு. ஆனாலும் போலீசுக்குப் போகிற நிலைக்கு வருமுன், வாங்காமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

ஞாயிற்றுக்கிழமையும் விடாது

டூவீலர், டி.வி. தவணை 3-ந் தேதி, 5-ந் தேதி என்று இருந்தால் இன்னொரு தலைவலி. கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பினால் அபராதம் விழும்.

முன்பெல்லாம் லீவு நாளில் தவணை பிடிக்க மாட்டார்கள். 2021 ஆகஸ்டு 1 முதல் ரிசர்வ் வங்கி அந்த வசதியை எல்லா நாளும் இயங்க வைத்துவிட்டது. ஞாயிறானாலும் தவணை பிடிக்கப்படும். இதில் ஒரு நல்லதும் உண்டு. அதே வழியில் லீவு நாளில் சம்பளமும் போடலாம். "இன்னைக்கு பாங்க் லீவு" என்ற சாக்கு இனி எடுபடாது!

சட்டம் என்ன சொல்கிறது?

1936-ம் ஆண்டு சம்பளப் பட்டுவாடா சட்டத்தில், ஆயிரம் பேருக்குக் குறைவான இடத்தில் 7-ந் தேதிக்குள், அதற்கு மேல் இருந்தால் 10-ந் தேதிக்குள் என்று இருந்தது. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, தனியார் நிறுவனம் சிறிதோ பெரிதோ, மாதச் சம்பளம் 7-ந் தேதிக்குள் கைக்கு வந்தாக வேண்டும். 10-ந் தேதி என்று ஒட்டினால் அது செல்லாது.

வாரக் கூலி என்றால் வாரத்தின் கடைசி வேலை நாளில் தர வேண்டும். தினக் கூலி அன்றன்றைக்கே. வேலையை விட்டவருக்கும், நீக்கப்பட்டவருக்கும் 2 வேலை நாளுக்குள் பாக்கி தீர வேண்டும்.

இன்னொரு முக்கியமான விஷயம். தொழிலாளியின் வேலை நிபந்தனைகளை மாற்றுவதற்கு 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும். 1947-ம் ஆண்டு தொழில் தகராறு சட்டத்திலும் இது இருந்தது. இப்போதைய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. முன்னறிவிப்பு தேவைப்படும் பட்டியலில் முதல் இடம் சம்பளத்துக்கு. தொகை மட்டுமல்ல, அதைத் தரும் காலமும் முறையும் கூட அதில் சேரும். இன்று ஒட்டி நாளை மாற்றினால், இதைக் காட்டிக் கேள்வி கேட்கலாம். குமாஸ்தாக்களும் இதில் அடக்கம்.

என்ன செய்யலாம்?

* தேதி மாறும் மாதத்துக்கு மட்டும் ஆறு நாள் பணத்தை முன்பணமாகக் கேளுங்கள். மாதம் ரூ.600 வீதம் பிடித்தால் ஆறே மாதத்தில் கணக்கு நேராகிவிடும். தனியாகக் கேட்பதைவிட, எல்லோரும் கையெழுத்துப் போட்டு ஒரே மனுவாகக் கொடுத்தால் மதிப்பு அதிகம்.

* வங்கிக்குப் போய்த் தவணைத் தேதியை 10-க்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். தவணை திரும்பிய பிறகு போவதில் பயனில்லை.

* வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். 5-ந் தேதி கதவைத் தட்டும்போது சொன்னால் அது சாக்கு. 20-ந் தேதியே சொன்னால் அது தகவல்.

* கடன் வாங்கியே ஆக வேண்டும் என்றால் கூட்டுறவு வங்கி நகைக் கடன் இருக்கிறது. வட்டிக்காரர் வேண்டாம்.

* அறிவிப்பின் நகல், சம்பளச் சீட்டு, வங்கிப் புத்தகம் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள்.

7-ந் தேதியும் தாண்டிச் சம்பளம் வராவிட்டால் தொழிலாளர் துறையிடம் மனு கொடுக்கலாம். சென்னையில் தொழிலாளர் ஆணையர் அலுவலகம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது. சம்பள பாக்கிக்கு 3 ஆண்டுக்குள் மனு போடலாம் என்று புதிய சட்டத்தில் இருக்கிறது. வாய்ப்பேச்சு அங்கே எடுபடாது. கையில் காகிதம் இருப்பவர் பேச்சுக்குத்தான் மதிப்பு!