உபரி 60 கோடி, உள்ளே எடுத்தது 16,699 கோடி

மார்ச் 31 நெருங்கும்போதெல்லாம் கான்ட்ராக்டர் பில்கள் குவியும். மும்பையின் கோவண்டி, மான்குர்ட் பக்கமிருந்து வரும் கடிதங்களில் ஒரே கேள்விதான் சுற்றிச் சுற்றி வருகிறது: முனிசிபாலிட்டிக்கு 80,000 கோடி டெபாசிட் இருக்கிறதாமே, அதற்குப் பொறுப்பாளி யார், எங்கள் நாலாவுக்கு (சாக்கடைக் கால்வாய்க்கு) மட்டும் ஏன் காசில்லை?

தலைமை நிதி அதிகாரி என்ற பெயரில் மும்பை மாநகராட்சியில் யாரும் இல்லை. அந்த வேலை சீஃப் அக்கவுண்டன்டுடையது. மதிப்பீடு தயாரிப்பதும் பில்லைச் சரிபார்த்து விடுவிப்பதும் கையிருப்பை வங்கியில் போடுவதும் அவர் துறை. எதற்குச் செலவழிப்பது என்று முன்மொழிவது கமிஷனர். அவர் கொடுப்பதை நிலைக்குழுவும் மாமன்றமும் அலசித்தான் நிறைவேற்ற வேண்டும் என்கிறது 1888-ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் மாமன்றத்தின் காலம் 2022 மார்ச்சில் முடிந்துபோனது. அன்றிலிருந்து, 2025-26 பட்ஜெட் வந்தபோதும், கமிஷனரே நிர்வாகியாக இருந்தார். கேட்பவரும் கொடுப்பவரும் ஒருவரே.

இந்தச் சூழலில்தான் 2025-26 பட்ஜெட்டைப் படிக்க வேண்டும். மொத்தம் ரூ.74,427 கோடி. உபரி ரூ.60.65 கோடியாம். நல்ல செய்திதான், வரவுப் பக்கத்தைப் பார்க்காதவரை. அங்கே ‘உள் தற்காலிக மாற்றம்’ என்று சாதுவாக ஒரு வரி: ரூ.16,699 கோடி. மாநகராட்சி தன் சேமிப்பிலிருந்து தனக்கே கொடுத்துக்கொள்ளும் கடன். மகள் கல்யாணத்துக்குப் போட்ட டெபாசிட்டை உடைத்துச் செலவை ஓட்டிவிட்டு, இந்த மாதம் கையில் மிச்சம் என்று சொல்வதுபோல.

சேமிப்பை எடுத்து ரோடு போடுவது குற்றமில்லை. சும்மா வட்டி தின்னவா வைத்திருக்கிறார்கள்? உறுத்துவது ‘தற்காலிகம்’ என்ற சொல். எப்போது திருப்பிப் போடுவீர்கள் என்று கேட்க அப்போது வெளியாள் எவரும் இருக்கவில்லை. 2022-இல் 92,000 கோடியைத் தொட்ட டெபாசிட் அந்த பட்ஜெட்டின்போது 81,774 கோடி. அதிலும் கணிசமான பங்கு ஊழியர்களின் பி.எஃப்., பென்ஷன், கான்ட்ராக்டர்கள் கட்டிய முன்பணம், தொடக்கூடாத காசு. கையில் எடுத்துக்கொண்ட திட்டங்களின் பாக்கியோ ரூ.2.32 லட்சம் கோடி. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து ஆக்ட்ராய் (நகர நுழைவு வரி) போனதோடு சொந்த வரும்படியின் பெரிய ஊற்று அடைபட்டது. இப்போது மாநில அரசு தரும் ஈட்டுத்தொகையை எதிர்பார்த்து நிற்க வேண்டியிருக்கிறது.

இன்னும் சில கேள்விகள். சேமிப்பை இப்படி எடுப்பதற்கு சீஃப் அக்கவுண்டன்ட் மறுப்பு எழுதலாமா? எழுதலாம், ஏற்பதும் தள்ளுவதும் கமிஷனர் பாடு.

தணிக்கை? தலைமைத் தணிக்கையாளர் தனி. அவர் அறிக்கை நிலைக்குழுவுக்குப் போக வேண்டும். 2022 மார்ச்சுக்குப் பிறகு அந்த நாற்காலியிலும் நிர்வாகிதான் இருந்தார்.

கோவண்டியின் பைங்கன்வாடி ஜரிகைப் பட்டறைக்கு வரி வருமா? குடிசைப் பகுதிக் கடைகள், கோடவுன்களிடமிருந்து சொத்து வரி வசூலித்து ரூ.350 கோடி திரட்டுவதாக 2025-26 பட்ஜெட் சொன்னது. குடியிருப்புக்கு அதில் பேச்சில்லை.

கணக்கை எங்கே பார்ப்பது? மாநகராட்சி இணையதளத்தில், மராத்தியிலும் ஆங்கிலத்திலும். உபரியை விட்டுவிட்டு வரவுப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.