டென்னிஸ் பந்தில் ஒரு காற்றியல் பாடம்

டென்னிஸ் பந்தின் எடை 56 முதல் 59.4 கிராம், விட்டம் 6.54 முதல் 6.86 செ.மீ. உள்ளீடற்ற ரப்பர் உருண்டை, அதன் மேல் சுணைபோல் நிற்கும் கம்பளி உறை, அவ்வளவுதான். ஆனால் இயக்கம், பாய்மங்கள், ஆற்றல் என்று பாடநூலில் தனித்தனியாக நிற்கும் பாடங்கள், இந்தப் பந்து வலையைத் தாண்டும் நொடிக்குள் ஒன்றாக நடந்து முடிகின்றன.

ஆடுகளத்திலிருந்து அறிவியலுக்குச் செல்லும் வழி பழையது. 1672இல் ஒளியைப் பற்றி எழுதிய கடிதத்தில் ஐசக் நியூட்டன், சாய்ந்த மட்டையால் அடிபட்ட டென்னிஸ் பந்து வளைந்து செல்வதைக் குறிப்பிட்டார். முப்பட்டகத்திலிருந்து வெளிவரும் ஒளிக்கதிரும் அப்படி வளைகிறதோ என்று ஐயுற்று, அளந்து பார்த்து, இல்லை என்று கண்டார். 1850களில் ஜெர்மானிய அறிஞர் ஹென்ரிச் மேக்னஸ் சுழலும் பொருள்கள் காற்றில் விலகுவதை ஆராய்ந்தார். அந்த விளைவுக்கு அவர் பெயரே நிலைத்தது. 1877இல் ரேலே பிரபு டென்னிஸ் பந்தின் வளைந்த பாதை பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார்.

பறக்கும் பந்தின் மேல் மூன்று விசைகள் செயல்படுகின்றன. முதலாவது புவியீர்ப்பு: ஏறத்தாழ 0.56 நியூட்டன். இரண்டாவது, காற்றின் இழுவிசை. இது வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 180 கி.மீ. வேகத்தில் புறப்படும் சர்வீஸில் இழுவிசை சுமார் 3 நியூட்டன். அதாவது பந்தின் எடையைப்போல் ஐந்து மடங்குக்கு மேல். வேகம் பாதியானால் அது கால் பங்காகும். ‘காற்றுத் தடையைப் புறக்கணிக்க’ என்று கணக்குகளில் வரும் வரி இங்கே செல்லாது.

மூன்றாவது, மேக்னஸ் விசை. ‘டாப் ஸ்பின்’ அடியில் பந்தின் மேற்பரப்பு எதிர்க்காற்றை நோக்கிச் சுழல்கிறது. அங்கே காற்று பந்தை விட்டு முன்னதாகவே பிரிகிறது. கீழ்ப்புறத்தில் சற்றுக் கூடுதல் நேரம் ஒட்டிச் செல்கிறது. இதனால் பின்னால் செல்லும் காற்று மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி பந்து கீழ்நோக்கித் தள்ளப்படுகிறது. பலமாக அடித்த பந்தும் எல்லைக்கோட்டுக்குள் விழுவது இதனால்தான்.

கம்பளி இழைகளுக்கும் இதில் பங்கு உண்டு. காற்றுச் சுரங்கத்தில் சோதித்த ஆய்வாளர்கள் ரபீந்திர மேத்தாவும் ஜானி பாலிஸும், ஒவ்வோர் இழையும் காற்றைத் தடுப்பதால் வழவழப்பான கோளத்தைவிட டென்னிஸ் பந்துக்கு இழுவிசை கூடுதல் என்று காட்டினர். 1990களின் பிற்பகுதியில் நாசாவின் ஆதரவுடன் பாலிஸின் குழு இந்த அறிவைப் பள்ளி மாணவர்களுக்கான பாடமாகவும் ஆக்கியது.

திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கும் வேங்கிக்கால் போன்ற ஊரில் இதைக் கற்பிக்கக் காற்றுச் சுரங்கம் தேவையில்லை. தெருவில் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகளின் கையில் டென்னிஸ் பந்து ஏற்கெனவே இருக்கிறது. அரசுப் பள்ளிகளின் 6 முதல் 8ஆம் வகுப்பு மாணவர்களுக்காக 2022 நவம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘வானவில் மன்றம்’, எளிய பொருள்களைக் கொண்டு செய்து பார்த்துக் கற்பதையே நோக்கமாகக் கொண்டது. அந்த முறைக்கு இந்தப் பந்து நன்கு பொருந்தும்.

மேசைமேல் சாய்த்து வைத்த பலகையிலிருந்து காகிதக் குழல் ஒன்றை உருட்டிவிட்டால், அது முன்னே போய் விழாமல் மேசைக்கு அடியில் வளைந்து திரும்பும். மேக்னஸ் விளைவைக் கண்ணால் காண இதுவே போதும். பந்தின் பாதியில் இன்சுலேஷன் டேப் ஒட்டி எறிந்தால், இரு புறமும் காற்று வெவ்வேறு இடங்களில் பிரிவதால் பந்து பக்கவாட்டில் விலகும். 254 செ.மீ. உயரத்திலிருந்து கான்கிரீட் தரையில் விடப்படும் தரமான பந்து 135 முதல் 147 செ.மீ. வரை எழும்ப வேண்டும் என்பது விதி. எழும்பாத மீதி உயரத்துக்குரிய ஆற்றல் பெரும்பாலும் வெப்பமாக மாறியிருக்கும்.

வானிலையும் பாடத்தில் சேரும். கத்திரி வெயிலில் 40 டிகிரியில் உள்ள காற்று, மார்கழிக் காலையின் 20 டிகிரிக் காற்றைவிடச் சுமார் 6 விழுக்காடு அடர்த்தி குறைந்தது. அதனால் இழுவிசையும் அந்த அளவு குறையும். ஆனால் வெயிலில் பந்தும் சூடேறி உயரமாக எழும்பும். காற்றினால் வந்த மாற்றம் எது, பந்தினால் வந்தது எது என்று பிரித்தறிய, ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை மாறாமல் வைத்துச் சோதிக்க வேண்டும். விசைகளின் பெயர்களைவிட முதன்மையாக மாணவர் கற்க வேண்டியது இந்த முறையைத்தான்.