ஆசியத் துரித உணவுகள்: சூப்பிலும் சாஸிலும் கரைந்திருக்கும் உப்பு

உலகின் எந்தப் பெரிய நகரத்தில் இறங்கினாலும், பத்து நிமிடத்தில் சுடச்சுட ஓர் ஆசியச் சாப்பாடு கிடைத்துவிடுகிறது. லாஸ் ஏஞ்சலிஸில் ஆரஞ்சு சிக்கன், துபாயில் பிலிப்பைன்ஸ் பாணி பொரித்த கோழியும் சோறும், லண்டனில் ராமென் நூடுல்ஸ் சூப், லாகோஸில் இண்டோமி நூடுல்ஸ், மதுரையில் தள்ளுவண்டி ஃபிரைடு ரைஸ். பர்கரையும் பீட்சாவையும் கண்டால் கொழுப்புக்குப் பயப்படுகிறவர்கள்கூட, “சோறுதானே, காய்கறியும் கிடக்கிறதே” என்று இவற்றைத் தைரியமாகச் சாப்பிடுகிறார்கள். எண்ணெயும் மாவுச்சத்தும் கண்ணுக்குத் தெரியும். கண்ணில் படாமலே அளவு மீறி உள்ளே போவது உப்பு. ஆசியத் துரித உணவு விரும்பிகள் முதலில் கணக்குப் பார்க்க வேண்டியது அதைத்தான்.

அவசரச் சாப்பாட்டின் பழைய வரலாறு

ஆசியர்களுக்கு அவசரச் சாப்பாட்டை மேற்குலகம் கற்றுக்கொடுக்கவில்லை. டோக்கியோவின் நிஹோன்பாஷி மீன் சந்தையில் யோஷினோயா உணவகம் 1899-இலேயே தொடங்கப்பட்டது. வேலைக்கு நடுவே நேரமில்லாத சந்தைத் தொழிலாளிகள் மாட்டிறைச்சி போட்ட ஒரு கிண்ணச் சோற்றை மளமளவென்று சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஜப்பானில், ஒசாகாவுக்கு அருகே இகேடா ஊரில், மோமோஃபுகு ஆண்டோ 1958-இல் உடனடி நூடுல்ஸைக் கண்டுபிடித்தார். வேகவைத்த நூடுல்ஸை எண்ணெயில் பொரித்தால் ஈரம் ஆவியாகி வெளியேறும்; அந்த இடத்தில் நுண்துளைகள் உண்டாகும். வெந்நீர் ஊற்றியதும் அந்தத் துளைகளில் நீர் புகுந்து நூடுல்ஸ் மறுபடி மென்மையாகிவிடும். 1971-இல் அது கப்பில் அடைத்து விற்பனைக்கு வந்தது.

பிலிப்பைன்ஸில் 1970-களில் ஐஸ்கிரீம் கடையாகத் தொடங்கிய ஜாலிபீ இன்று பல நாடுகளில் பரவியிருக்கிறது. கலிஃபோர்னியாவில் 1983-இல் ஒரு வணிக வளாகத்தில் பிறந்த பாண்டா எக்ஸ்பிரஸுக்கு இன்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிளைகள். உடனடி நூடுல்ஸோ உலகம் முழுவதும் ஆண்டுக்கு 12,000 கோடிப் பொட்டலங்களுக்கு மேல் விற்கிறது.

எல்லாவற்றுக்கும் அடித்தளம் ஒன்றுதான். எலும்பையும் காயையும் மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு ருசி ஏற்ற இந்த அடுப்பங்கரைகளில் நேரம் இல்லை. ருசி பாட்டிலிலும் பொடிப் பொட்டலத்திலும் தயாராக வருகிறது. அதைக் கெடாமலும் சுவையாகவும் வைத்திருக்க மலிவான வழி உப்பு.

ஒரு கப் நூடுல்ஸின் கணக்கு

ஜப்பானில் விற்கும் கப் நூடுல்ஸின் அட்டையைத் திருப்பிப் பார்த்தால் உப்பின் அளவு கிராம் கணக்கில் இருக்கும். ஒரு சாதாரண கப்பில் சுமார் 5 கிராம். பல தயாரிப்புகளில் அதைப் பிரித்தும் எழுதியிருப்பார்கள்: நூடுல்ஸில் இவ்வளவு, சூப்பில் இவ்வளவு என்று. ஏறக்குறைய பாதி சூப்பில்தான் இருக்கும்.

வளர்ந்த ஒருவர் ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குக் குறைவான உப்பே எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது ஒரு தேக்கரண்டி. ஆக, ஒரே கப்பில் அன்றைய முழுப் பங்கும் தீர்ந்துவிடுகிறது. கடையில் கிடைக்கும் ஒரு பெரிய கிண்ண ராமெனை அடிவரை குடித்தால் இதையும் தாண்டலாம். சோயா சாஸும் லேசுப்பட்டதில்லை. ஒரு மேசைக்கரண்டி சாஸிலேயே 2 கிராமுக்கு மேல் உப்பு உண்டு. சுஷியின் மீனும் சோறும் எளிய உணவுதான். அதைச் சாஸில் முக்கி முக்கி எடுக்கும்போதுதான் கணக்கு எகிறுகிறது.

இந்தியப் பொட்டலங்களில் ‘உப்பு’ என்று இருக்காது, ‘சோடியம்’ என்று மில்லிகிராமில் இருக்கும். அதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு தெரிந்துவிடும். 1,000 மில்லிகிராம் சோடியம் என்றால் 2.5 கிராம் உப்பு. அந்த எண் 100 கிராமுக்கா, முழுப் பொட்டலத்துக்கா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

உப்பு மிகுந்தால் என்ன ஆகும்?

ரத்தத்தில் சோடியம் கூடினால் உடல் அதற்கு ஏற்பத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்த நாளங்களில் ஓடும் திரவத்தின் அளவு கூடும், அழுத்தம் ஏறும். ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தால் நாளங்கள் விறைத்துப்போகும். இதயமும் சிறுநீரகமும் சோர்ந்துபோகும். மூளையில் நாளம் அடைபட்டாலோ வெடித்தாலோ பக்கவாதம். இவ்வளவு நடந்தாலும் வலியோ மயக்கமோ முன்கூட்டி எச்சரிக்காமல் போகலாம் என்பதுதான் கொடுமை.

இதை அனுபவித்துத் திருந்திய நாடு ஜப்பான். 1951 முதல் 1980 வரை அங்கே மரணங்களுக்கு முதல் காரணமாக இருந்தது பக்கவாதம். கடுங்குளிர் காலத்துக்காக ஊறுகாயும் மிசோ என்னும் சோயா விழுதும் உப்பில் போட்டு வைத்த பகுதிகளில் அது இன்னும் அதிகம். அவற்றில் ஒன்றான நாகானோவில் ஊர்ப் பெண்களே தன்னார்வலர்களாக இறங்கினார்கள். வீடுகளில் மிசோ சூப்பின் உப்பை அளந்தார்கள். ஊறுகாயைக் குறைக்கவும் நூடுல்ஸின் சாற்றை மிச்சம் வைக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். 2010-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, ஆண், பெண் இருபாலரின் சராசரி ஆயுளிலும் ஜப்பானிலேயே முதலிடம் நாகானோவுக்கு. காய்கறி அதிகம் சாப்பிடுவதும் முதுமையிலும் உழைப்பதும் இதற்குக் காரணம் என்றாலும், உப்பைக் குறைத்த அந்த இயக்கத்தின் பங்கு பெரியது.

உடனடி நூடுல்ஸைப் பற்றித் தென்கொரியாவில் 10,711 பேரின் தரவுகளை ஆராய்ந்து 2014-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. வாரம் இரண்டு முறையோ அதற்கு மேலோ சாப்பிட்ட பெண்களிடம் வளர்சிதை மாற்றக் கோளாறு, அதாவது தொப்பை, உயர் ரத்த அழுத்தம், ரத்தச் சர்க்கரை, கொழுப்புக் கோளாறு ஆகியவை சேர்ந்து வருவது, 68 சதவீதம் அதிகமாகக் காணப்பட்டது. நூடுல்ஸ்தான் காரணம் என்று இது நிரூபிக்கவில்லை. ஆனால் வாரத்தில் பல நாள் நூடுல்ஸ் என்ற வழக்கத்தை மறுயோசனை செய்ய இது போதும்.

பழி சுமக்கும் அஜினமோட்டோ

“அஜினமோட்டோ போடாமல் கொடுங்கள்” என்று கேட்டு வாங்கிவிட்டு, மேலே இரண்டு கரண்டி சோயா சாஸ் ஊற்றிக்கொள்கிறவர்களைத் தள்ளுவண்டிக் கடைகளில் தினமும் பார்க்கலாம். 1908-இல் டோக்கியோ விஞ்ஞானி கிகுனே இகேடா கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த குளுட்டமேட்டின் உப்பான மோனோசோடியம் குளுட்டமேட்தான் இந்த அஜினமோட்டோ. தக்காளியிலும் தாய்ப்பாலிலும்கூட இயற்கையாகக் குளுட்டமேட் உண்டு. 1968-இல் அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஒரு கடிதம்தான் இதன் மீதான அச்சத்தைக் கிளப்பியது. வழக்கமாகச் சாப்பாட்டில் சேரும் அளவில் அது தலைவலி போன்ற தொல்லைகளைத் தருகிறது என்று பின்னால் நடந்த சோதனைகள் உறுதிப்படுத்தவில்லை.

இதில் சோடியம் சுமார் 12 சதவீதம்; சமையல் உப்பில் 39 சதவீதம். சாப்பிட்டதும் உங்களுக்குத் தொல்லை தெரிந்தால் தாராளமாகத் தவிர்க்கலாம். ஆனால் ரத்த அழுத்தத்துக்காக ஒன்றைக் குறைப்பதென்றால், முதலில் சாஸையும் உப்பையும்தான் குறைக்க வேண்டும்.

பொரியல், சர்க்கரை, ஆறிப்போன சோறு

பாண்டா எக்ஸ்பிரஸின் ஆரஞ்சு சிக்கன் ஒரு பங்கில் சுமார் 500 கலோரி. பக்கத்தில் ஃபிரைடு ரைஸ் வைத்தால் தட்டு ஆயிரத்தைத் தொடும். மாவில் முக்கிப் பொரித்து, சர்க்கரைச் சாஸில் புரட்டிய கோழி அது. நம் கோபி மஞ்சூரியனும் சில்லி சிக்கனும் அதே வழிதான். பாண்டா எக்ஸ்பிரஸிலேயே ஃபிரைடு ரைஸுக்குப் பதில் வேகவைத்த கீரை, ப்ரோக்கோலி கேட்டால் சில நூறு கலோரி மிச்சம். கூடவே வாங்கும் பபிள் டீயில் மரவள்ளி மாவு உருண்டைகளும் சர்க்கரைப் பாகும் சேர்ந்து ஓர் இனிப்புப் பலகாரம் அளவுக்குச் சர்க்கரை ஏற்றிவிடும்.

சோறு ஆறும் விதத்திலும் கவனம் வேண்டும். அரிசியில் இருக்கும் பேசிலஸ் செரியஸ் கிருமியின் வித்துகள் வெந்தாலும் சாவதில்லை. வடித்த சோறு வெளியே மணிக்கணக்கில் கிடந்தால் அவை பெருகி நச்சை உண்டாக்கும். பிறகு எவ்வளவு தீயில் வறுத்தாலும் அந்த நச்சு அழியாது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் வருவது இதனால்தான். சோற்றைச் சீக்கிரம் ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாளுக்குள் தீர்த்துவிடுவதே பாதுகாப்பு.

நாம் செய்யக்கூடியவை

- நூடுல்ஸையும் காயையும் சாப்பிட்டு, சூப்பைக் கிண்ணத்திலேயே விடுங்கள்.
- வீட்டில் உடனடி நூடுல்ஸ் செய்தால் மசாலாப் பொட்டலத்தில் பாதி போதும். ஒரு முட்டை, கைப்பிடி கேரட், பீன்ஸ், கீரை சேருங்கள்.
- சாஸைத் தனியாகக் கேளுங்கள். மேலே ஊற்றாமல் தொட்டுச் சாப்பிடுங்கள்.
- ஃபிரைடு ரைஸுடன் பொரித்த கோழி வேண்டாம். இரண்டில் ஒன்று எண்ணெயில்லாததாக இருக்கட்டும்.
- ஒரு பார்சலை இருவர் பகிருங்கள்.
- சிங்கப்பூர், மலேசியக் கடைகளில் தே-ஓ கோசோங் கேட்டால் பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர் வரும்.
- மதியம் வெளியே சாப்பிட்டால், இரவில் ஊறுகாய், அப்பளம், கருவாடு வேண்டாம்.

உயர் ரத்த அழுத்தம், சிறுநீரகப் பாதிப்பு, இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் மருத்துவரின் அளவைப் பின்பற்ற வேண்டும். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும் என்பதால், சிறுநீரக நோயாளிகள் கேட்காமல் வாங்கக் கூடாது. குழந்தைகளின் நாக்கு சிறுவயதிலேயே உப்புக்குப் பழகிவிடும். அவர்களுக்கு நூடுல்ஸ் எப்போதாவது ஒரு நாள் என்று இருக்கட்டும்.

கடைகளும் அரசும் செய்ய வேண்டியது

எல்லாப் பொறுப்பையும் சாப்பிடுகிறவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. நியூயார்க் நகரத்தில் 2015 முதல், 2,300 மில்லிகிராமும் அதற்கு மேலும் சோடியம் உள்ள உணவுக்கு எதிரே உப்புக் குடுவைச் சின்னத்தைச் சங்கிலி உணவகங்கள் அச்சிட வேண்டும். சிங்கப்பூர் பானங்களின் சர்க்கரைக்கு ஏ முதல் டி வரை தரம் பிரித்தது; அதையே சாஸுக்கும் உடனடி நூடுல்ஸுக்கும் விரிவாக்குவதாக அறிவித்திருக்கிறது. இந்தியாவில் பெரிய உணவகங்களின் விலைப்பட்டியலில் கலோரி எழுத வேண்டும் என்ற விதி வந்துவிட்டது. அதே வரியில் உப்பின் அளவும் வர வேண்டும். ரத்த அழுத்தமும் சர்க்கரை நோயும் வீட்டுக்கு வீடு பெருகியிருக்கும் நம் நாட்டில், தட்டில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது சாப்பிடுகிறவரின் உரிமை. அந்த எண் பலகையில் ஏறும்வரை கடைக்காரரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள்: “அண்ணே, உப்பும் சாஸும் பாதி போட்டால் போதும்.” கேட்பவர்கள் பெருகினால் கடைகளும் மாறும்.