குக்கருக்குத் தரும் மரியாதையை ரேடியேட்டருக்கும் தாருங்கள்!

கோடை விடுமுறையில் மலையேறும் கார்களில் சில, பாதி வழியில் பானட்டைத் திறந்துவைத்தபடி ஓரமாக நிற்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைக்கு 40. குறைந்த கியரிலேயே ஏறும்போது இன்ஜின் அதிகம் சூடாகும். வேகம் இல்லாததால் ரேடியேட்டருக்குக் காற்றும் குறைவு. கார் நிறைய ஆட்கள், டிக்கி நிறைய பைகள், போதாததற்கு ஏ.சி வேறு. கூலன்ட் குறைந்திருக்கும் வண்டி இங்கேதான் காட்டிக்கொடுக்கும். சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய விஷயம், இன்ஜினையே பிரித்து மாட்டும் செலவில் கொண்டுபோய் விடும்.

மூடியில் இருக்கிறது சூட்சுமம்

ஓடும் இன்ஜினில் கூலன்ட்டின் வெப்பம் சுமார் 90 டிகிரி செல்சியஸ் இருக்கும். கொதிநிலைக்கு மிக அருகில்! அதனால்தான் ரேடியேட்டர் மூடி, குக்கர் மூடியைப் போல உள்ளே அழுத்தத்தைத் தக்கவைக்கிறது. அழுத்தம் கூடினால் 100 டிகிரியைத் தாண்டினாலும் திரவம் கொதிக்காது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால், அழுத்தம் சட்டென இறங்கி, கொதிக்கும் கூலன்ட் முகத்திலும் கையிலும் பீய்ச்சி அடிக்கும். ஆவி அடங்காத குக்கரை யாராவது திறப்பார்களா? இங்கும் அதே விதிதான்.

குழாய்த் தண்ணீர் வேண்டாம்

போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக உப்பு படியும் அல்லவா? அதே உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். வெறும் தண்ணீர் துருவையும் வரவழைக்கும். கூலன்ட்டில் துருத் தடுப்பான்கள் இருக்கின்றன. அது கொதிநிலையையும் உயர்த்துகிறது. கடையில் வாங்கும்போது, அப்படியே ஊற்றக்கூடியதா, தண்ணீர் கலக்க வேண்டியதா என்று லேபிளைப் பாருங்கள். கலக்க வேண்டியது என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. பச்சை, பிங்க் என நிறத்தை நம்பி வாங்க வேண்டாம். எந்த வகை, எப்போது மாற்ற வேண்டும் என்பதெல்லாம் காரோடு தந்த கையேட்டில் இருக்கும்.

வாரம் ஐந்து நிமிடம்

காலையில், வண்டியை எடுப்பதற்கு முன், இன்ஜின் முழுதாக ஆறியிருக்கும்போது பாருங்கள்.

* பிளாஸ்டிக் கூலன்ட் டப்பாவில் அளவு, குறைந்தபட்ச, அதிகபட்சக் கோடுகளுக்கு இடையில் இருக்க வேண்டும்.
* ரப்பர் ஹோஸ்களில் வெடிப்போ, உப்பலோ, கிளிப் அருகே காய்ந்த கறையோ இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.
* ரேடியேட்டரின் முன்பக்கம் பூச்சியும் தூசியும் அடைத்திருந்தால், மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.
* இன்ஜினை அணைத்த பிறகும் ஃபேன் தானாகச் சுற்றலாம். சூடாக இருக்கும்போது கை வைக்காதீர்கள்.

முள் மேலே ஏறினால்?

வெப்பம் காட்டும் முள் சிவப்பை நெருங்கினாலோ, சிவப்பு விளக்கு எரிந்தாலோ உடனே ஏ.சி-யை அணையுங்கள். ஓரம்கட்டும் வரை ஹீட்டரை முழு வேகத்தில் வைத்தால் இன்ஜினின் சூட்டில் கொஞ்சம் வெளியேறும். பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். அரை மணி நேரத்துக்காவது மூடியைத் தொடவே கூடாது. கொதிக்கும் இன்ஜின் மீது பச்சைத் தண்ணீர் ஊற்றினால் உலோகம் விரிசல் விடலாம். ‘இன்னும் ரெண்டு வளைவுதானே’ என்று ஓட்டினால், ஹெட் கேஸ்கெட் போய்விடும்.

இனிக்கும் விஷம்

பெரும்பாலான கூலன்ட்டுகளில் இருப்பது எத்திலீன் கிளைக்கால். சுவை இனிப்பு; ஆனால் கொடிய விஷம். குழந்தைகளும் நாய், பூனைகளும் நக்கிவிடும் ஆபத்து உண்டு. தரையில் சிந்தினால் உடனே துடைத்துக் கழுவுங்கள். மிச்சத்தைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது.

நல்ல நிலையில் இருக்கும் காரில் கூலன்ட் அவ்வளவு எளிதில் குறையாது. மாதாமாதம் ஊற்ற வேண்டியிருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். ஆயில் ஸ்டிக்கில் எண்ணெய் பால் கலந்த காபி போலத் தெரிந்தால், இன்ஜின் ஆயிலில் கூலன்ட் கலந்திருக்கக்கூடும். அதற்குமேல் வண்டியை ஓட்டாமல், மெக்கானிக்கை வீட்டுக்கு அழைப்பதே நல்லது.